ஸ்கெல்பி நகரம் எனிட்டின் தம்பிக்கு எடுத்த சிலை

எனிட் பிராக்ளி நகரசபையிடம் கேட்டது ஒரு வரிதான். சந்தைத் திடலில் நிற்கிற போர் நினைவுக் கல்லில், மற்றப் பையன்களின் பெயர்களுக்குக் கீழே, தன் தம்பியின் பெயரையும் வெட்டித் தர வேண்டும். சார்ஜன்ட் வில்ஃப்ரட் சவர்பி, விமானி. கல்லில் இடம் இருந்தது. கல்வெட்டுகிறவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஒரு மத்தியான வேலை.

ஆனால் ஸ்கெல்பி நகரசபை ஒரு மத்தியானத்தில் ஒரு காரியத்தை முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிற சபை இல்லை. ஒரு வரி கேட்டவளுக்குச் சிலையே எடுத்துக் கொடுத்தது. எப்படி எடுத்தது என்று சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் ஒரு வாய் தேநீர் குடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. எனிட் அப்படித்தான் சமாளித்தாள்.

இரண்டாம் உலகப்போரின்போது வில்ஃபுக்கு இருபத்தோரு வயது. பீட்கிழங்கு வயல்களுக்கு அப்பால் இருந்த விமானத்தளத்திலிருந்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஓட்டினான். அவனோடு இன்னும் ஆறு பையன்கள். வானத்தில் இருக்கிற வரைக்கும் விமானி சொல்வதுதான் சட்டம். தரைக்கு வந்துவிட்டால் கதை மாறும். வழிகாட்டியாக வந்த ஆலன் பெரி அதிகாரி. அவன் அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவான். வில்ஃப் வெறும் சார்ஜன்ட். அவன் வேறு கதவு வழியாக வேறு கூடத்துக்குப் போவான். ராத்திரி முழுக்க ஒரே தகரக் கூட்டுக்குள் ஒன்றாக நடுங்கியவர்கள், காலையில் ஒரே மேஜையில் முட்டை தின்ன முடியாது. ஏழு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே இடம் எனிட்டின் அம்மா வீட்டுச் சமையலறைதான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில்.

ஒரு ஜனவரி ராத்திரி பெர்லினுக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. "காணவில்லை" என்று தந்தி வந்தது. சண்டை முடிந்தபிறகு நகரசபைக்காரர்கள் கல்லில் வெட்டப் பெயர் கேட்டு வீடு வீடாக வந்தபோது, எனிட்டின் அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"காணோம்னுதானே எழுதியிருக்கான். செத்துட்டான்னு எவனும் எழுதலையே. என் பிள்ளையை நானே கல்லுல அடிச்சுச் சாகடிக்கணுமா? போங்க."

அவர்கள் போய்விட்டார்கள். கல் எழும்பியது, பிஷப் வந்து மந்திரித்தார், வில்ஃபின் பெயர் அதில் இல்லை. இந்த வசந்தத்தில் அம்மாவும் படுத்துவிட்டாள். போவதற்கு முன்னால் எனிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பேரைப் போட்டுடு. நான் முரண்டு பிடிச்சது தப்பு. இப்படியே விட்டா, அவன்னு ஒருத்தன் இருந்ததே யாருக்கும் தெரியாமப் போயிடும்," என்றாள்.

அதனால்தான் எனிட் தன் நல்ல தொப்பியை வைத்துக்கொண்டு நகரசபைக்குப் போனாள்.

நகரசபை எழுத்தர் மிஸ் லம்லி, அவளை உட்காரச் சொன்னாள். அனுதாபத்தோடுதான் பேசினாள்.

"இடம் இருக்கு மிஸஸ் பிராக்ளி. இடம் இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். ஏற்பாடுதான் இல்லை."

"ஏற்பாடுன்னா?"

"அது பிஷப் மந்திரிச்ச கல். மந்திரிக்கும்போது எந்தெந்தப் பேரு இருந்துச்சோ, அதுக்குத்தான் ஆசீர்வாதம். இப்பப் புதுசா ஒண்ணைச் சேர்த்தா, அது மட்டும் ஆசீர்வாதம் இல்லாம நிக்கும். ஒத்தைப் பேருக்காக பிஷப்பைத் திரும்பக் கூப்பிட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

"அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்மா. வில்ஃப் ஆசீர்வாதம் இல்லாமலே இருந்துக்குவான். ஞாயிறு பள்ளியிலேர்ந்தே அவனுக்கு அது பழக்கம்."

மிஸ் லம்லி இதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளவில்லை. மேயரிடம் கொண்டுபோகிறேன் என்றாள். கொண்டும் போனாள். அங்கேதான் காரியம் கெட்டது.

மேயர் கட்ஃபோர்த் விதை வியாபாரி. லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பாதிப் பேர் வயலில் முளைப்பது அவர் கடை விதைதான். நல்ல மனுஷர், குரல்தான் ஒரு ஏக்கர் அகலம். எனிட்டை வரவழைத்துத் தன் இரண்டு கைகளுக்குள் அவள் கையை வைத்துக்கொண்டார்.

"ஒரு வரியா கேட்டீங்க? இருபத்தோரு வயசுல உயிரைக் கொடுத்த பையனுக்கு ஒரு வரியா? ஸ்கெல்பியை நீங்க என்னன்னு நினைச்சீங்க, அம்மா? வெண்கலத்துல சிலை வைக்கிறேன். கமிட்டி போடறேன்."

எனிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் இவர்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கமிட்டியில் குடும்பத்தின் சார்பாக ஒருவர் வேண்டும் என்றார்கள். ஸ்கெல்பியில் பெண்கள் கமிட்டியில் உட்காருவது வழக்கமில்லை. கமிட்டிக்கு சாண்ட்விச் நறுக்குவதுதான் வழக்கம். அதனால் எனிட்டின் கணவன் சிரிலைப் போட்டார்கள். எனிட்டுக்கு அதில் சந்தோஷம்தான். சிரில் ரயில்வேயில் டிக்கெட் கொடுப்பவன். வில்ஃபும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே வாய்க்காலில் விழுந்து எழுந்தவர்கள். எனிட்டும் சிரிலும் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது மாப்பிள்ளைத் தோழனாக நின்று மோதிரத்தை எடுத்துக் கொடுத்ததே வில்ஃப்தான். தந்தி வந்த அன்று எனிட்டைவிட சிரில்தான் அதிகமாக அழுதான். அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்?

முதல் கூட்டம் முடிந்து வந்தவனிடம் ஆவலாகக் கேட்டாள்.

"என்ன முடிவாச்சு?"

"கமிட்டிக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு பேசினோம்."

"என்ன பேரு?"

"இன்னும் முடிவாகலை. அதுக்கு ஒரு துணைக் கமிட்டி போட்டிருக்கோம்."

"வில்ஃபைப் பத்தி?"

"அது அடுத்த கட்டம், எனிட். எதையும் முறைப்படிதான் செய்யணும்."

சிரில் அதுவரை 'அடுத்த கட்டம்' என்று ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. 'போட்டிருக்கோம்' என்று பன்மையில் பேசியும் கேட்டதில்லை. கூட்டங்கள் ஆக ஆக, அவன் சட்டைக் கழுத்து வெள்ளையாகிக்கொண்டே போனது. வெளுத்தவள் எனிட்தான்.

கோடையில் சிலையின் முன்மாதிரி களிமண்ணில் தயாராகிவிட்டது, வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எனிட் வில்ஃபின் போட்டோவை எப்போதோ கொடுத்தனுப்பியிருந்தாள். நகரசபைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஈரத் துணியை உருவிக் காட்டினார் மேயர். லண்டனிலிருந்து வந்த சிற்பி ஓரமாக நின்று புகைபிடிக்கிற பைப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

ஆறடிக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை நின்றான். சதுரத் தாடை. தோள் இரண்டும் பீரோ மாதிரி. ஒரு கையில் விமானிகள் போடுகிற கண்ணாடி. இன்னொரு கையில் கோதுமைக் கதிர்க்கட்டு.

எனிட் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "வில்ஃப் குள்ளம்," என்றாள் கடைசியில். "சீட்டுல தலகாணி போட்டு உக்கார்ந்துதான் ஓட்டுவான். இல்லைன்னா வெளிய தெரியாது. காது ரெண்டும் இப்படி விடைச்சிட்டு நிக்கும்."

"போட்டோவுல பார்த்தோம்மா," என்றார் சிற்பி பரிவாக. "அந்தக் காதை வெண்கலத்துல வார்த்தா காத்துல ஊதும்."

"பார்க்கிறவங்க இவன் விமானின்னு நம்பணும் இல்லையா," என்றார் மேயர். "உங்க தம்பி, தப்பா நினைக்காதீங்க, தபால்காரர் மாதிரி இருக்கார்."

"விமானம் ஓட்டறதுக்கு முன்னாடி தபாலாபீஸ்லதான் இருந்தான்." எனிட் இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். "மேயர் சார், இது உங்க ரோட்னி."

மேயர் இருமினார். ரோட்னி அவருடைய மூத்த மகன்.

"உடம்பு ரோட்னி. ஆன்மா வில்ஃப்ரட். மாடலுக்கு யாராவது நிக்கணுமே, அம்மா. அவன் பாவம், மூணு வாரம் கால் கடுக்க நின்னான். அதுவும் ஒரு தியாகம்தான்."

"சண்டையப்போ ரோட்னி எங்க இருந்தார்?"

"சம்பளப் பட்டுவாடா இலாகா. அது போர்முனை இல்லைன்னு சொல்றவங்க, வெள்ளிக்கிழமை அங்க போய் நின்னு பார்க்கணும்."

"இந்தக் கதிர்க்கட்டு எதுக்கு?"

"சமாதானம்," என்றார் மேயர். "முதல்ல ஒரு பீட்கிழங்கு வைக்கலாம்னுதான் சொன்னேன், நம்ம மாவட்டத்துப் பயிராச்சேன்னு. ஆனா தூரத்துலேர்ந்து பார்த்தா குண்டு மாதிரித் தெரியுதாம்."

எனிட் வீட்டுக்கு வந்து சிரிலிடம் சொன்னாள். அவனும் அதை அங்கே பார்த்தவன்தான். "காது இல்லைன்னா என்ன எனிட், கீழ பேரு இருக்கப் போகுதில்ல," என்றான். அது நியாயமாகத்தான் பட்டது. அவள் கேட்டதே பெயர்தானே. மேலே ரோட்னி நின்றாலும் மாடு நின்றாலும், கீழே வில்ஃப்ரட் சவர்பி என்று இருந்தால் போதும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அவ்வளவுதான். சிலைக்கு அடியில் இடம் நிறைய இருக்குமே, கூடப் போன ஆறு பேர் பெயரையும் சேர்த்துவிடட்டும் என்று மட்டும் சிரிலிடம் சொல்லியனுப்பினாள்.

அக்டோபரில் கடைசிக் கூட்டம். கல்பீடத்தில் என்ன எழுதுவது என்று முடிவு செய்கிற கூட்டம். எனிட் வழக்கம்போல அடுத்த அறையில் சாண்ட்விச் நறுக்கிக்கொண்டிருந்தாள். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுவதற்கு ஒரு சின்னச் சாளரம் உண்டு. அதன் பலகை பாதி திறந்திருந்தது.

விங் கமாண்டர் டெவனிஷ் பேசிக்கொண்டிருந்தார். சண்டைக்காலம் முழுக்க விமானப்படைக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தவர். ஒரு கம்பளிகூட எதிரி கையில் சிக்க விட்டதில்லை.

"நம்ம விழாவுக்கு ஏர் மார்ஷல் வர்றார். துணியை இழுத்ததும் சிலைக்கு சல்யூட் அடிக்கணும். கீழ 'சார்ஜன்ட்'னு வெட்டியிருந்தா, ஒரு ஏர் மார்ஷல் ஒரு சார்ஜன்ட்டுக்கு முந்திக்கிட்டு சல்யூட் அடிச்ச மாதிரி ஆயிடும். நம்ம படையில அப்படி நடந்ததே இல்லை."

"சிலை முதல்ல அடிச்சதா வச்சுக்கக் கூடாதா?" என்றார் மேயர்.

"ரெண்டு கையிலயும் சாமான் இருக்கே, சார்."

கமிட்டி இதை யோசித்தது. பதவியை எடுத்துவிட்டு, வில்ஃப்ரட் சவர்பி என்று மட்டும் போட்டுவிடலாம் என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வெறும் பேரு போட்டா, ஏதோ கடைக்கு போர்டு மாட்டின மாதிரி இருக்கும்," என்றார் டெவனிஷ். "போகட்டும். இன்னொரு சிக்கல் இருக்கு. மிஸஸ் பிராக்ளி மத்த ஆறு பேர் பேரையும் போடச் சொல்றாங்க. அதுல ஆலன் பெரின்னு ஒருத்தர் அதிகாரி. அதிகாரி பேரு மேல வரணும், சார்ஜன்ட் பேரு கீழ வரணும். அப்படிப் போட்டா, சிலை யாருதுன்னு பார்க்கிறவன் கேப்பான். வழிகாட்டி சிலையா, விமானி சிலையா?"

"ரோட்னி சிலை," என்று எனிட் ரொட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"பெர்லின்னும் போட வேண்டாம்," என்றார் மேயர். "குண்டுன்னும் வேண்டாம். ஜெர்மனியில ஹாம்பர்க்லேர்ந்து இப்பதான் பீட் விதை கேட்டு எழுதறாங்க. பழசைக் கிளற வேண்டாம் பாருங்க. அந்தப் பையனே இப்ப இருந்திருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான்."

"ஆக," என்று டெவனிஷ் தொண்டையைச் செருமினார், "யார் பேரும் வேண்டாம். 'ஒரு விமானி' அப்படின்னு மட்டும். பேரு போட்டா ஒரு குடும்பத்துக்குத்தான் சொந்தம். பேரில்லைன்னா ஒவ்வொரு தாயும் இது தன் பிள்ளைன்னு நினைச்சுக்கலாம்."

மேயரின் மனைவிக்கு அதில் சிரமமே இருக்காது என்று எனிட்டுக்குத் தோன்றியது. ஆனால் அவள் பதறவில்லை. சிரில் இருக்கிறான். இந்த மாதிரி நேரத்துக்குத்தானே அவனை உட்கார வைத்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவன் எழுந்திருக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கத்தியை வெண்ணெயிலேயே வைத்துவிட்டு சாளரத்துக்குக் குனிந்தாள்.

"குடும்பத்தார் என்ன சொல்றீங்க, பிராக்ளி?"

"குடும்பம்..." என்றது சிரிலின் குரல். "குடும்பம் எப்பவும் கமிட்டியோட இருக்கும், சார்."

"அருமை. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

சாளரத்தின் இடுக்கு வழியாகக் கைகள் மட்டும்தான் தெரிந்தன. கடைசியாக எழும்பியது ஒரு வெள்ளைச் சட்டைக் கை. அதன் மணிக்கட்டுப் பொத்தானை அன்று காலையில்தான் எனிட் தைத்துக் கொடுத்திருந்தாள்.

"ஒருமனதாக," என்றார் மேயர். "சாண்ட்விச் என்ன ஆச்சு?"

இருவரும் வீட்டுக்கு நடந்து போனார்கள். பாலத்தில் சிரில்தான் ஆரம்பித்தான்.

"நான் ஒருத்தன் கை தூக்காம இருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? எப்படியும் ஜெயிச்சிருக்கும்."

"அப்ப எதுக்குத் தூக்கினே?"

"தூக்காம இருந்தா நல்லா இருந்திருக்காது. எல்லாரும் என்னையே பார்த்துட்டிருந்தாங்க, எனிட். அந்த இடத்துல உக்கார்ந்து பார்த்தாத்தான் உனக்குப் புரியும்."

"பெர்லினுக்கு மேல வில்ஃபையும்தான் எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. கீழேர்ந்து விளக்குப் போட்டுப் பார்த்தாங்க."

"நீ எல்லாத்தையும் பெரிசு பண்றே."

"பெரிசு பண்ணினது நான் இல்லை. நான் ஒரு வரி கேட்டேன்."

அவன் நடையை எட்டிப் போட்டான். இன்னும் ஏதோ ஒன்று அவன் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பண்ணினதற்கு வருத்தப்படுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் நல்ல பெண், அப்படித்தான் நினைப்பாள்.

நவம்பரில், போரில் செத்தவர்களுக்கான நினைவு ஞாயிறு அன்று திறப்பு விழா. சந்தைத் திடலில் கூட்டம். எல்லார் கோட்டிலும், செத்த வீரர்கள் நினைவாகக் குத்திக்கொள்கிற சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ. கயிறு கட்டி, கயிற்றுக்கு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு நாற்காலி. அதில் குடும்பத்தின் சார்பாக சிரில் உட்கார்ந்தான், நெஞ்சில் கமிட்டி ரிப்பன் குத்திக்கொண்டு. அழைப்பிதழ் கேட்டு எனிட் போனபோது, "உங்களுக்குத்தான் உள்ளேயே வேலை இருக்கே," என்று மிஸ் லம்லி சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். வேலை என்றால் தேநீர். கயிற்றின் ஓரத்தில் மேஜை போட்டு, பெரிய தேநீர்க் கொப்பரைக்குப் பின்னால் எனிட் ஏப்ரனோடு நின்றாள். ஒரு விதத்தில் பார்த்தால் நல்ல இடம்தான். சிலை நேர் எதிரே.

மேயர் பேசினார். "இந்தச் சிலைக்காக நாங்க எத்தனை கூட்டம் போட்டிருப்போம்னு உங்களுக்குத் தெரியாது. எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும். ஒரு கட்டத்துல, நாங்க பட்ட கஷ்டத்தைப் பார்த்தா, அந்தப் பையனுக்கு எங்களைவிடச் சீக்கிரமா முடிஞ்சுதேன்னுகூடத் தோணிச்சு. நான் பெருமைக்காகச் சொல்லலை." கை தட்டினார்கள்.

அடுத்து ஏர் மார்ஷல். வெள்ளை மீசை, நெஞ்சு நிறையப் பதக்கம். உண்மையான மனுஷர், அதை மறுக்க முடியாது. "சண்டையப்போ இந்த மாதிரிப் பையன்களை நான் தினமும் அனுப்பியிருக்கேன்," என்றார். "ஒருத்தனைக்கூட நேர்ல தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க முடியாது. அதனால பேரு வேண்டாம்னு இந்தக் கமிட்டி எடுத்த முடிவை என்னைவிட நல்லாப் புரிஞ்சவங்க யாரும் இருக்க முடியாது."

கயிற்றை இழுத்தார். கொடித்துணி நழுவி விழுந்தது. வெண்கல ரோட்னி, கதிர்க்கட்டோடு, தன் அப்பாவின் கடை இருக்கிற பக்கமாகப் பார்த்து நின்றான். ஏர் மார்ஷல் சல்யூட் அடித்தார். யாருக்கும் பங்கமில்லாத சல்யூட். எனிட் கல்பீடத்தைப் பார்த்தாள்.

'ஒரு விமானி. பறந்தான்.'

அதற்குக் கீழே இன்னும் நிறைய எழுத்து இருந்தது. இந்தச் சிலையை எடுத்தவர்கள் என்று போட்டு, மேயர் கட்ஃபோர்த், விங் கமாண்டர் டெவனிஷ், மருந்துக்கடைக்காரர், வங்கி மேனேஜர், எல்லார் பெயரும், பட்டம் பதவியோடு, ஆழமாக, தங்க முலாம் பூசி. கடைசி வரி: 'சி. பிராக்ளி, குடும்பத்தார்.'

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். பாலத்தில் அவன் நெஞ்சில் கிடந்து உறுத்தியது என்னவென்று இப்போது தெரிந்தது. நாற்காலியில் இருந்த சிரில் அவள் பக்கம் திரும்பவேயில்லை. தன் பெயரையும் பார்க்காமல், மனைவியையும் பார்க்காமல், நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மாதா கோவில் மணி பதினொன்று அடித்தது. இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது.

இந்த மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ராஜாவை ஏசலாம், பாதிரியாரைக் கிண்டல் செய்யலாம், மழையைத் திட்டலாம். இந்த இரண்டு நிமிடத்தில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பஸ் நின்றுவிடும். நாயைக்கூட வாயைப் பிடித்துக்கொள்வார்கள். இருமல் வந்தவன் முகம் நீலமானாலும் இரும மாட்டான். அன்றும் சந்தைத் திடலில் அப்படி ஒரு அமைதி. கொப்பரையில் தண்ணீர் சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனிட் கையை நீட்டி அடுப்பைத் தணித்தாள். அதுவும் நின்றது.

"வில்ஃப்ரட் சவர்பி," என்றாள் எனிட்.

அவள் யோசித்துச் செய்யவில்லை. மேஜைக்கு எதிரே இருக்கிறவரிடம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற குரல்தான். ஆனால் அந்த அமைதியில் அது திடலின் அந்தக் கோடி வரைக்கும் போனது.

எல்லாத் தலைகளும் குனிந்தபடியே இருந்தன. கண்கள் மட்டும் ஓரமாக வந்தன.

"சார்ஜன்ட். என் தம்பி. குள்ளமா இருப்பான். காது பெரிசு. இந்தச் சிலை அவன் இல்லை."

மேயர் கட்டைவிரல் அளவுக்கு வாயைத் திறந்தார். 'வாயை மூடுங்க' என்று சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். மௌனத்தைக் காப்பாற்ற ஒரே வழி மௌனத்தைக் கலைப்பது. அவர் இதுவரைக்கும் சந்திக்காத சிக்கல். துணைக் கமிட்டி போட நேரமில்லை. வாயை மூடிக்கொண்டார். ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார். பூட்ஸுக்குக் கீழே சரளைக்கல் நறநறத்தது. திடலே அவரை முறைத்தது. வைத்த காலை வைத்தபடி நின்றார். டெவனிஷ் சல்யூட்டில் இருந்தார். சல்யூட்டில் இருக்கிறவர் அசையக் கூடாது. அவர் கண்கள் மட்டும் உருண்டன.

எனிட்டைத் தடுக்க ஸ்கெல்பியில் ஒருவருக்கும் வழியில்லை. நகரசபைக்குப் போன நாளிலிருந்து முதல் தடவையாக, யாரும் குறுக்கே பேசாமல் அவள் பேசினாள்.

"ஏழு பேர் போனாங்க. ஆலன் பெரி, வழி சொல்றவன். அதிகாரிதான், ஆனா எங்க வீட்டுல தட்டு கழுவுவான். டெட் மாக்ஸி, இன்ஜினைப் பார்த்துக்கிறவன், எங்க கடிகாரத்தைக் கழட்டிட்டு மாட்டத் தெரியாம முழிச்சான். ஹ்யூ பாரி, வேல்ஸ்காரன், ரேடியோ. அவனுக்கு அப்பதான் பொண்ணு பொறந்திருந்துது, அவன் பார்க்கலை. ரே லாஃபோர்ட், கனடாக்காரன். குண்டு போட்டது அவன்தான். ஆமா, குண்டுதான் போட்டாங்க. கோதுமை விதைக்கப் போகலை. அதை நினைச்சு வில்ஃப் ராத்திரியில எழுந்து சமையக்கட்டுல உக்கார்ந்திருப்பான்."

அப்போது சிரில் எழுந்தான். கமிட்டி ரிப்பன் போட்டவர்களில் அவன்தான் கடைசி நாற்காலி, அதனால் அவனைத்தான் மேயர் கண்ணாலேயே ஏவினார். நுனிக்காலில், சரளைக்கல்லில் சத்தம் வராமல், இரண்டு கைகளையும் கொஞ்சம் விரித்துக்கொண்டு வந்தான். மேஜைக்கு எதிரே வந்து நின்று, உதட்டில் விரலை வைத்தான்.

எனிட் அந்த முகத்தைப் பார்த்தாள். தந்தி வந்த அன்று அவள் மடியில் கிடந்து அழுத முகம் அது.

"என் கல்யாணத்துல இவருக்குப் பக்கத்துல நின்னது வில்ஃப்தான்," என்றாள் திடலைப் பார்த்து. "மோதிரத்தைத் தொலைச்சுடுவோமோன்னு பயந்து, சர்ச்சுக்கு வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே வச்சிருந்தான்."

விரல் உதட்டிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

"ஜிம் கல்லன், மேல் துப்பாக்கிக்காரன். அப்புறம் வாலுப் பக்கம் ஒரு பையன், பத்தொன்பது வயசு. அவன் பேரு..."

பட்டாளத்து ஊதுகொம்பு முழங்கியது. இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. கடைசிப் பெயரை அந்தச் சத்தம் விழுங்கிவிட்டது.

ஊர் மூச்சு விட்டது. மேயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்து, இத்தனை பெரிய கூட்டம் இவ்வளவு பரிபூரணமான மௌனத்தைக் காத்ததற்கு நகரத்தின் சார்பாக நன்றி சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டு கூட்டமும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டது. மறுநாள் பத்திரிகையிலும் அப்படியே வந்தது.

தேநீருக்கு வரிசை கட்டினார்கள். யாரும் எனிட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தே வாங்கிக்கொண்டார்கள். மீன்கடைக்கார அம்மாள் ஒருத்திதான் சாஸரைப் பிடித்தபடி தயங்கி நின்றாள்.

"கடைசிப் பையன் பேரு காதுல விழலை, கண்ணு."

"ஸ்டான்லி டக்கர்."

"ஸ்டான்லி டக்கர்," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு நகர்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் சிரில். கையில் காலிக் கோப்பை.

"ஏர் மார்ஷலுக்கு," என்றான். "சர்க்கரை ரெண்டு." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரெண்டு நிமிஷம், எனிட். ரெண்டே நிமிஷம். உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியலையா?"

எனிட் கோப்பையை நிரப்பினாள். சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள். சிந்திவிடாமல் அவன் கையில் கொடுத்தாள்.

"நம்ம வீட்டுக்கு ஒருத்தர் மூடிட்டு இருந்தது போதும்னு நினைச்சேன், சிரில்."

அவன் கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு திரும்பினான். மௌனம் முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது, திடல் முழுக்கப் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அவன் மட்டும் நுனிக்காலிலேயே நடந்து போனான்.